கெட்டிமேளத்துக்கு ஒரு சாக்சபோன்

நாற்பத்திரண்டு வயதில் நான் செய்த காரியத்தை இருபத்திரண்டில் செய்திருந்தால் யாராவது அடித்துத் திருத்தியிருப்பார்கள். நாற்பத்திரண்டில் யாரும் அடிப்பதில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது இன்னும் மோசம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்த வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் கிராமபோன். அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணிலாக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சாக்சபோனை வாங்கி வந்தேன். ஊமைப்படம் ஓடிய காலத்தில் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தவர் அவர். படங்கள் பேச ஆரம்பித்ததும் அவருக்கு வேலை போய்விட்டது. ஊருக்குக் கப்பலேறப் போகிறார். "இத்தனை வருஷம் வாசித்தாயிற்று, இனி உட்கார்ந்து கேட்கிறேன்" என்று மலாய் மொழியில் சொன்னார். இரண்டே வாரத்தில் எனக்கும் வாசிப்பு வந்துவிடும் என்றார். நாளைக்குக் கப்பலேறுகிறவர் சொல்வதை நம்பக்கூடாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"பாடுற பெட்டியக் குடுத்துட்டு பாடாத கொழாய வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"பாடும். ரெண்டு வாரம் பொறு."

"அதுக்கு வாய் வேற ஒருத்தருது வேணும்."

அவள் சொன்னது சரிதான். மூன்று நாள் ஊதினேன். சத்தமே வரவில்லை. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தின் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் புன்னகையோடு ஊதிக்கொண்டிருந்தார். அவரைப் போலவே நானும் புன்னகைத்துப் பார்த்தேன். காற்று மட்டும் பக்கவாட்டில் போனது. கோவிலில் நாயனக்காரர் கன்னத்தை உப்ப வைப்பாரே, அப்படியும் உப்ப வைத்தேன். காது அடைத்தது. நான்காம் நாள் வாய்ப்பகுதியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே பாக்குத் துகள். அதில் கட்டியிருந்த மெல்லிய நாணல் பட்டை செக்கச்செவேலென்று சிவந்து கிடந்தது. இருபது வருஷமாக வெற்றிலை போடுகிற வாய் என்னுடையது. புத்தகம் எழுதிய வெள்ளைக்காரருக்கு இப்படியொரு வாய் உலகத்தில் இருப்பது தெரியாது. எச்சரிக்கை எதுவும் போடவில்லை.

வெற்றிலையை விட்டேன். சத்தம் வந்தது. சாதாரணமாக வரவில்லை, மூன்று நாள் அடைத்து வைத்தது மொத்தமாக வந்தது.

பக்கத்து வீட்டில் எங்கள் அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மகா நிதானமான மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஐசே, உம்மட வீட்டிலை எருமை வளக்கிறீரோ?"

"இல்லைங்க. சாக்சபோன்."

"அப்ப எருமையெண்டே சொல்லும். மனுசருக்கு இரக்கமாவது வரும்."

அன்றிலிருந்து குழாயின் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு, துணி அலமாரிக்குள் தலையை விட்டு ஊதிப் பழகினேன். கையில் கிடைத்தது மனைவியின் பழைய பச்சைச் சேலை. பழையதுதானே என்று பாதியைக் கிழித்து அடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பழையது என்பது என் கணிப்பு மட்டும்தான்.

ஐந்து மாதத்தில் ஒரு முழுப்பாட்டும் ஒரு அரைப்பாட்டும் வந்தன. மெதுவாக வாசிப்பது மட்டும் கடைசிவரை வரவே இல்லை. காற்றைக் குறைத்தால் சத்தம் நின்றுவிடும். கூட்டினால் தெரு முழுக்கக் கேட்கும். நடுவில் எதுவும் கிடையாது.

இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் மாமியாரிடம் வாய்விட்டேன். கிள்ளானில் என் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "சாயங்கால வரவேற்புக்கு வேற கச்சேரி எதுக்கு அத்தை? நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி அமைதியாகச் சொன்னாள்.

"எங்க ஆளுங்க முன்னால மானத்த வாங்குனீங்கன்னா, திரும்பி வரும்போது ரயில் கிள்ளான் ஆத்துப் பாலத்துல போகுமில்ல, அங்கேருந்து அத வீசிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. என் பழைய தொப்பி ஒன்று அதே ஆற்றில்தான் போயிருக்கிறது.

கல்யாணத்தன்று காலை பந்தலில் நான் ஒரு மூலையில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என் கஷ்டம் சாயங்காலம்தானே என்று தோசை தின்றுகொண்டிருந்தேன். அப்போது சைக்கிளில் ஒருவர் வந்து சேர்ந்தார். நாயனக் கோஷ்டி முதல் நாள் காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வருகிற வழியில் லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். முகூர்த்தத்துக்குள் வந்து சேர வாய்ப்பில்லை. கிள்ளானிலேயே வீடு இருந்த தவில்காரர் மட்டும் நேரத்தோடு வந்து, தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வெறும் தவில்ல தாலி கட்டுறதா?" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

"கிராமபோன் இருந்திருந்தா ஒரு நாயனத் தட்டாச்சும் போட்டிருக்கலாம்" என்றார் என் மாமியார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் சுட்டது.

பிறகு எல்லோருமே என்னைப் பார்த்தார்கள். எனக்கு வயிற்று வலி என்று சொல்லலாம் என நினைத்தேன். நான்காவது தோசை கையில் இருந்தது. கொல்லைப்புறம் வழியாக வெளியேறினால் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். எட்டு. அடுத்த ரயில் எப்போது என்பதும் எனக்குத் தெரியும். அதுதானே என் உத்தியோகம்.

தவில்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்ணே, என்ன வாசிப்பீங்க?"

"ஒண்ணரப் பாட்டு."

"மெதுவா வாசிக்க வருமா?"

"வராது."

"நல்லதாப் போச்சு லா. கெட்டிமேளத்துக்குப் பாட்டா வேணும்? தாலி ஏறுற நேரத்துல ஒரு தும்மலோ அபசகுனமான பேச்சோ யார் காதுலயும் விழக்கூடாது. அதுக்குத்தான் அந்தச் சத்தம். ஐயர் கையத் தூக்குனதும் ஊதுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

என் வாழ்க்கையில் முதல்முறையாக என் குறைதான் ஒருவருக்குத் தேவைப்பட்டது. பெட்டியைத் திறந்து குழாயை எடுத்தேன்.

ஐயர் கையைத் தூக்கினார். தவில் வெடித்தது. நான் பயத்தில் எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டு ஊதினேன். கிழட்டு ஆடு இருமியதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. தவில்காரர் அடித்துக்கொண்டே கண்ணால் குழாயின் வாயைக் காட்டினார். துணி. அலமாரிக்குள் வைத்து ஊதிய துணி அப்படியே உள்ளே இருந்தது.

இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. பாதிச் சேலை என்பது எவ்வளவு நீளம் என்று நூறு பேருக்கு நடுவில் இழுக்கும்போதுதான் தெரியும். முன்வரிசையில் இருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். அவர் வாயசைவு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: "அது நான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த சேலையில்ல?"

என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆறும் பாலமும் தெரிந்தன. இனி இழக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தவுடன் மனிதனுக்கு வருகிற மூச்சு இருக்கிறதே, அந்த மூச்சைப் பிடித்து ஊதினேன். பந்தலில் இருந்த காக்கைகள் மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பம் வரைக்கும் பறந்தன என்று பிறகு சொன்னார்கள். மேலே போனேன், கீழே வந்தேன், எனக்கே தெரியாத இடத்துக்கெல்லாம் போய்வந்தேன். தவில் என்னைத் துரத்தியது. பிறகு நான் தவிலைத் துரத்தினேன். இடையில் எங்கேயோ பயம் கழன்று விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஊதலாம் என்று அந்த வெள்ளைக்காரர் படத்தில் காட்டியது பொய் இல்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் மனைவி.

"தாலி கட்டி, மெட்டி போட்டு, எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. நிறுத்துங்க."

தவில்காரர் எப்போதோ நிறுத்திவிட்டு, ஒரு கையில் இலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமியார் என் இலைக்கு அருகில் வந்து நின்றார். சேலைப் பேச்சு வரும் என்று குனிந்துகொண்டேன். அவர் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

"மாப்பிள்ளையோட பெரியப்பா பொடி போடுற ஆளு. ரெண்டாவது முடிச்சுல ஆள் ரெண்டா மடிஞ்சு தும்முனாரு, நானே கண்ணால பாத்தேன். சத்தம் வெளிய வரணுமே. நல்லா இருங்க."

சாயங்காலம் நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. நாயனக் கோஷ்டி சேறும் சகதியுமாக வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் வாசிக்க, நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். சக வித்வான் மாதிரி.

மறுநாள் திரும்பும் ரயிலில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பாலத்தில் ஏறியது. கீழே பழுப்புத் தண்ணீர். அவள் ஜன்னல் பலகையை மேலே தூக்கினாள். இந்தப் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ரயில் நின்று நின்று போனது.

அவள் பையிலிருந்து பச்சைத் துணிச்சுருளை எடுத்தாள். என் மானத்தை வாங்கிய அதே பாதிச் சேலை. ஒரு தடவை விரித்துப் பார்த்தாள். ஆற்றில் வீசினாள்.

"இனிமே இத அடச்சுக்கிட்டு ஊத வேணாம்" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பாலம் முடிந்தது. பெட்டி அவள் மடியிலேயே இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அவள் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.