அழுதுகொண்டே பொட்டு வைத்த காலம்

மணப்பெண் அலங்காரத் தொழிலில் கை நடுங்கக் கூடாது, கண் கலங்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் நான் நிறுத்திய அந்தக் கல்யாண சீசனில் எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. மனசுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று சட்டென விட்டுப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கண் மை

மாத்திரையை விட்ட வாரமே, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று கரண்ட் அடித்தது. அதனால் கண்ணை அசைக்காமல் உடம்பையே திருப்பப் பழகினேன். ஒரு கண்ணுக்கு மை எழுதிவிட்டு, நாற்காலியைச் சுற்றிப் போய் அடுத்த கண்ணுக்கு எழுதுவேன். திருவட்டாறில் ஒரு பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எக்கா, ஒரு எடத்துல நில்லுங்க. நீங்க சுத்துறதப் பாத்து எனக்குத் தலை கறங்குது."

வெள்ளை நெட்டு

கருங்கல் ஊரில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் தலையில் நெட்டை, அதாவது சர்ச்சுக்குப் போடும் வெள்ளை வலை முக்காட்டை, குத்தும்போது காரணமே இல்லாமல் எனக்கு அழுகை பொங்கியது. மாத்திரை விஷயம் தெரிந்த ஒரே ஆளான என் உதவியாளர் செல்வி டிஷ்யூவை நீட்டிக்கொண்டே நின்றாள். என்னைப் பார்த்துப் பெண் அழுதாள், அவள் சித்திமார் அழுதார்கள். போட்ட மை அத்தனையும் வழிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பெண்ணின் அம்மா மட்டும் அழாமல் நின்று என்னைக் கேட்டார்: "பெத்த நானே கரையல்ல, நீ என்னத்துக்கு மக்களே கரையுத?"

பின்

மனசுள்ள அக்கா என்று பெயராகி ஆர்டர்கள் குவிந்தன. தூக்கம் போய் எரிச்சலும் கூடவே வந்தது. இராஜாக்கமங்கலத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் தந்த மந்திரகோடிச் சேலையைக் கழற்றும்போது ஒரு பின் சிக்கியது. வெடுக்கென்று இழுத்தேன். பட்டு கிழிந்துவிட்டது. என் தொழில் அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணோ கிழிசல் உள்ளே போகும்படி சேலையை மடித்து, "மாமியாருக்குத் தெரியாண்டாம்" என்று பெட்டியில் வைத்துவிட்டாள்.

காரில் செல்வியும் நானும் திரும்பினோம். நாகர்கோவில் வந்ததும் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "எக்கா, சேலைப் பின்ன ஒவ்வொண்ணா மெதுவா எடுக்கணும்னு எனக்குச் சொல்லித் தந்தது நீங்க. மாத்திரைய மட்டும் எதுக்கு வெடுக்குன்னு பிடுங்குனீங்க?"

கொச்சு மகள்

டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது கரண்டும் இல்லை, நடுக்கமும் இல்லை. செல்வி தனியாகத் தொழில் நடத்துகிறாள்.

போன மாதம் கருங்கல் அம்மா இளைய மகளுக்கும் என்னையே கூப்பிட்டார். அதே அறை, அதே கண்ணாடி. ஒரு பின்கூடக் கோணாமல் நெட்டைக் குத்தினேன். டிஷ்யூ நீட்டத்தான் பக்கத்தில் ஆளில்லை. அந்தப் பாடு பட்ட சீசனில் எத்தனை பேர் என்னைத் தாங்கினார்கள் என்று நினைத்தால் ஏக்கமாகவே இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த அம்மா கடைசியில் கேட்டேவிட்டார்: "என்ன மக்களே, மூத்தவளுக்கு அந்தக் கரச்சல் கரஞ்ச, கொச்சு மவளுக்கு ஒரு சொட்டு இல்லியா?"

அந்த ஒரு சொட்டு, திரும்பி வரும் வழியில் செல்வியோடு போனில் பேசும்போது வந்தது. மாத்திரைக்குச் சம்பந்தமில்லாத என் சொந்தச் சொட்டு, பார்க்கத்தான் அந்த அம்மா பக்கத்தில் இல்லை.