கப்ரன் டெல்லாவுக்குத் தெரிந்தது

பொம்மையின் முழங்காலை மடக்கினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனில் வரும் படையின் ஒரே பெண் அதிகாரியான கப்ரன் டெல்லா, பச்சைச் சீருடையும் கையில் செருகிக் கழற்றக்கூடிய துவக்கும் மூக்கில் ஏறும் புது பிளாஸ்டிக் மணமுமாக, என் எட்டாவது பிறந்தநாளுக்கு எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டுக்கு வந்துசேர்ந்தாள். பொம்பிளைப்பிள்ளைக்கு இது என்ன "விசர் விளையாட்டு" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். நான் அசையவில்லை, சாப்பாட்டு மேசைக்குக்கூட அவளைக் கொண்டுபோனேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தப்பா, ஐந்து வயது மகள் தர்சியோடு, சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கினார். சித்தி வரவில்லை. சோதனைச் சாவடி ஒன்றில் பெண்களின் வரிசையில் போனவர் திரும்பவில்லை என்பது, பெரியவர்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்று குசுகுசுத்ததில் எனக்குத் தெரிந்துபோயிற்று. தர்சிக்கு மட்டும், "கொம்மா அடுத்த பிளேனில வருவா" என்று சொல்லிவைத்திருந்தார்கள். "தாய் அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனவள், ஆனா பிள்ளை நல்ல நித்திரை, ஒண்டும் தெரியாது" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு நாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, பெரிய மனது பண்ணி டெல்லாவைத் தர்சியிடம் கொடுத்தேன். எனக்குச் சண்டை வேண்டும், குண்டு வெடிக்க வேண்டும். அவளோ என் அப்பாவின் கைக்குட்டையை, அதாவது எங்கள் வீட்டு "லேஞ்சி"யை, இரண்டு சாப்பாட்டு மேசைக் கதிரைகளுக்கு நடுவே திரையாகக் கட்டி, பின்னால் டெல்லாவை நிறுத்தி, என் மற்றப் பொம்மைகளை வரிசையில் விட்டாள். "பொம்பிளையளைப் பொம்பிளை ஆமிதான் செக் பண்ணுவா" என்றாள். பொம்மைகள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய் மறுபக்கம் வந்தன. நீலத் துணி சுற்றிய பொம்மை மட்டும் வரவில்லை.

"இவ ஏன் வரேல்லை?"

"அவவை ஆமி நிக்கச் சொன்னவ. என்னைத் தூக்கி வெளியில விட்டவ."

தேத்தண்ணீரோடு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, டெல்லாவைப் பறித்துக்கொண்டு, மாடிக் கோடியிலிருந்த குப்பைக் குழாயை நோக்கி ஓடினார். தர்சி பின்னால் ஓடிப்போய் அம்மாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"எறியாதேங்கோ பெரியம்மா! அவவுக்குத்தான் அம்மா எங்கயெண்டு தெரியும்!"

அதற்குள் டெல்லா குழாயில் மோதி மோதிக் கீழே போய்க்கொண்டிருந்தாள். அம்மா அந்தத் தரையிலேயே இருந்து தர்சியைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குப் பொம்மை போன கவலையைவிட, அழும் அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அன்றோடு எங்கள் வீட்டில் யாரும் அடுத்த பிளேனைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அந்தக் கார்ட்டூன் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சித்தியைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. ஸ்ரௌவ்வில் நகரில் பிள்ளைகுட்டியோடு இருக்கும் தர்சியும் நானும் சென்ற கோடையில் ஒரு பயணம் போனோம். விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவளை மட்டும் தனியே கூப்பிட்டுச் சோதித்தபோது, நான் எங்கள் இருவரின் பைகளையும் பிடித்தபடி அங்கேயே நின்றேன். திரும்பி வந்தவள் சப்பாத்தை மாட்டியபடி, அந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உந்தப் பிள்ளைக்கு இருபத்தஞ்சு வயதுதான் இருக்கும். அண்டைக்குத் திரைக்குள்ள நிண்ட பொம்பிளை ஆமிக்கு இப்ப அறுபது வரும். அவ உயிரோட இருக்கோணும்."