தம்பியின் சட்டை அளவு

எங்கள் அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவர். பச்சை மண்ணில் பெரிதாகச் செய்தால்தான் சூளையில் சுருங்கி அளவுக்கு வரும் என்பது தொழில் கணக்கு. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு எடுக்கும் பாவாடை எப்போதும் தரையைப் பெருக்கும். கேட்டால், "சுருங்கும்" என்பார். அந்தத் தொளதொளப் பாவாடைகளின் மேல் அன்று எனக்கு இருந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயதில் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அப்போது நாங்கள் கம்மாபுரம் பக்கம் அம்மாவின் ஊரில் இருந்தோம். அங்கேயே புதைத்துவிட்டு, பிறகுதான் விருத்தாசலம் வந்தோம். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விடியற்காலையில் மெழுகுவத்தியோடு அந்தக் கல்லறைக்குப் போவோம். அம்மா மண்ணைத் தட்டிக்கொடுத்து, "எழுந்திரிக்கிற நாளு வரும்டா கண்ணு, அம்மா வந்துடுவேன்" என்பாள். ஆறுதலுக்குச் சொன்னதல்ல அது. காலை பஸ் வரும் என்று நம்புவது போலத்தான் அவள் அதை நம்பினாள்.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம், அந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது என்று சேதி வந்தது. கல்லறைத் தோட்டமும் அதில் சேர்த்திதான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம இங்க எழுந்திரிப்போம். புள்ள அங்க பள்ளத்துல தனியா நின்னு அழுவானே" என்றாள்.

"அவன் எங்க இருக்கான்னு கர்த்தருக்குத் தெரியாதாம்மா?" என்றேன், படித்தவள் தோரணையில்.

"கர்த்தருக்குத் தெரியும். நாம எங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரியுமா?"

தம்பியை எடுத்து வந்து விருத்தாசலத்திலேயே புதைப்பது என்று முடிவானது. போதகர் சபைக் கல்லறையில் இடம் கொடுத்தார். பிள்ளையைப் புதுத்துணியில்தான் கொண்டுவர வேண்டும் என்று அம்மா எங்களைக் கடைவீதிக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல, "பையனுக்கு என்னா வயசும்மா?" என்று கேட்டார். அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றா, இருந்திருந்தால் ஆகியிருக்கும் பதினாலா? உயிர்த்தெழும்போது எந்த அளவில் எழுவான் என்று எந்தப் பிரசங்கத்திலும் நாங்கள் கேட்டதில்லை.

அப்பாதான், "என் அளவுக்குக் குடுங்க" என்றார். அம்மா முறைத்தாள்.

"புதுசா எழுந்திரிக்கிற புள்ள. சட்டை பத்தாமப் போயிட்டா என்னா பண்ணுவ?" என்றார். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றை வாங்கினோம்.

அம்மாவின் ஊரில் குழியைத் தோண்டினார்கள். எலும்பு என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அடியில் கொஞ்சம் கறுத்த மண், அவ்வளவுதான். அம்மா ஓவென்று அழுதாள்.

"ஒண்ணுமே இல்லியேங்க. எதைங்க எழுப்புவாரு?"

"ஆதாமை எதுல பண்ணாரு? மண்ணுலதான? அது இருக்குதில்ல" என்றார் அப்பா. சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற மனிதர் அவர்.

அந்த மண்ணைச் சட்டையில் அள்ளிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள் அம்மா. வழியெல்லாம் காற்றுப் படாமல் முந்தானையால் மூடியே வைத்திருந்தாள்.

விருத்தாசலத்தில் அடக்கம் செய்து, ஜெபம் முடிந்து, போதகரும் கிளம்பிவிட்டார். அம்மா மட்டும் நகரவில்லை.

"இந்த ஊரை அவன் பாத்ததே இல்லியே. எழுந்திரிச்சதும் திருதிருன்னு முழிப்பானே?"

அப்பா குழியின் இரண்டு பக்கமும் இருந்த வெறும் தரையைக் காட்டினார். இடம் விட்டுத்தான் தோண்டச் சொல்லியிருக்கிறார். அது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். அவன் கண்ணு முழிக்கிறப்ப நாம பக்கத்துல இருக்க மாட்டமா?"

அம்மா குனிந்து அந்தத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்படின்னா என்னை வலது பக்கம் வைக்கச் சொல்லுங்க. அவன் அந்தப் பக்கந்தான் திரும்பிப் படுப்பான்."