ஏழு மணி நேரம் இளையவன்

எங்கள் ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று கிடையாது. கிள்ளானில் வெயில் அடிக்கும், பிறகு மழை பெய்யும், மழை விட்டதும் மறுபடி வெயில் அடிக்கும். வருடம் முழுக்க ஏழரை மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே எந்த மாதத்தில் பிறந்தவருக்கும் இங்கே வெயில்காலப் பிறந்தநாள்தான். எங்களுடையது மே மாதம் வருகிறது. எங்களுடையது என்று எழுதக் காரணம், நானும் அவனும் இரட்டைப் பிள்ளைகள். சில நிமிடங்கள் முந்திக்கொண்டு பிறந்ததால் நான் மூத்தவள். அவன் இறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும் 'என் பிறந்தநாள்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாங்கள் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில். பள்ளிக்கூடம் சேரும் வயதில் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பிறந்தநாளன்று அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசல் பைப்பில் ரப்பர் குழாயை மாட்டி எங்கள் இருவர் மேலும் தண்ணீர் பீய்ச்சுவார். பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தரையில் தண்ணீர் பட்டு ஒரு வாசனை எழும். அதுதான் எனக்குப் பிறந்தநாள் வாசனை. மோட்டார் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வரும் ஐஸ்கிரீம்காரரிடம் ரொட்டிக்குள் வைத்த ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள். அம்மா மீ கோரெங் நூடுல்ஸும் கறிபாப் பலகாரமும் செய்திருப்பாள். கேக் ஒன்றுதான், அதன் மேல் மெழுகுவர்த்தியும் ஒன்றுதான். இருவரும் சேர்ந்து ஊத வேண்டும் என்பது ஏற்பாடு, ஆனால் அவன் ஒரு மூச்சு முந்திக்கொள்வான். நான் அணைத்த மெழுகுவர்த்தி என்று ஒன்று என் நினைவில் இல்லை.

பிறகு தெருவில் பேட்மிண்டன் ஆடுவோம். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டதும் அம்மா விளக்கேற்றிவிட்டு எங்களை உள்ளே கூப்பிடுவாள். மற்ற நாட்களில் சொன்னபடி வருகிறவன், அன்றைக்கு மட்டும் வாசலில் நின்று அழுவான். பிறந்தநாளுக்காவது கொஞ்சம் லேட்டாக இருட்டினால் என்ன என்று கேட்பான். சூரியனை யார் கூப்பிட்டுக் கண்டிப்பது என்று அப்பா சிரிப்பார். எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வராது, ஏதோ என்னால்தான் இருட்டிவிட்டதுபோல இருக்கும்.

பெரியவனானதும் எண்ணெய்க் கம்பெனி வேலையில் ஸ்காட்லாந்தின் ஒரு துறைமுக ஊருக்குப் போனான். அங்கே அவன் கேட்டது கிடைத்துவிட்டது. முதல் வருடம் பிறந்தநாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கு என் கைப்பேசி அடித்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அங்கே அவன் ஒரு கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தான், பின்னால் வானம் வெள்ளையாக இருந்தது. அங்கே முதல்நாள் ராத்திரி பத்து மணி.

"பத்து மணிக்கு வெளிச்சம் பாரு," என்றான். "எனக்கு இன்னும் நேத்துதான். நீதான் கிழவி ஆயிட்ட. உன்னவிட நான் ஏழு மணி நேரம் சின்னவன், அக்கா."

வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் அவன் என்னை அக்கா என்பான். மற்ற நாளெல்லாம் வாடி போடிதான்.

மறுநாள் அதே ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டான். என்னுடையது முடிந்துவிட்டதாம், அவனுடையது இன்னும் ஓடுகிறதாம். சிநேகிதர்களோடு புல்லில் உட்கார்ந்து கோழி வாட்டிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் அங்கே வெள்ளைக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்ந்தார்களாம். எங்கள் ஷா ஆலம் ஆபீஸ் ஏர்கோனில் அதே குளிருக்கு நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதற்குப் பெயர் வெயிலா என்று கேட்டேன். ஆறு மாதம் இருட்டில் கிடந்துவிட்டு வந்து பார் என்றான். அம்மா விளக்குக்குத் திரி போட்டபடியே எட்டிப் பார்த்து, "இன்னுமா அங்க பொழுது போகல?" என்று கேட்பாள். அதுவும் வருடா வருடம் நடக்கும். இந்த இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் இருப்பதுதான் எங்கள் பிறந்தநாள் என்று ஆகிவிட்டது.

அவன் இறந்தது ஜனவரியில், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, மாரடைப்பில். சாயங்காலம் நாலு மணிதானாம், ஆனால் அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். இருட்டில் விழுந்தான் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவன். அங்கேயே எரித்து, அஸ்தியை நான் போய் எடுத்துவந்தேன். மோரிப் கடலில் கரைத்தோம். அப்பா முன்பே போய்விட்டிருந்தார், அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த வருடம் மே மாதம் பிறந்தநாளன்று அம்மா வழக்கம்போல என்னைப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு அழைத்துப் போனாள். நாங்கள் பிறந்து முதன்முதலில் தூக்கிக்கொண்டு போன கோயில் அது. கிள்ளானுக்கு வந்த பிறகும் பிறந்தநாள் அர்ச்சனை அங்கேதான். கொமுட்டர் ரயிலில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பூமாலைக் கடைகளைத் தாண்டி நடக்க வேண்டும். கோயிலுக்குப் புதிதாக ஒரு குருக்கள் வந்திருந்தார். தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா முதலில் என் பெயரைச் சொன்னாள். அடுத்து, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், அவன் பெயரையும் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் அஸ்தம், கன்னி ராசி சாமி. ரெட்டைப் பிள்ளைங்க."

செத்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை. அவர்களுக்குத் திதி உண்டு, அதையும் அம்மா ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் அறியாத குருக்கள் அவன் பெயரைச் சொல்லி ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டினார். நாலு மாதத்துக்கு முன்னால் இதே கையால் அவனைக் கடலில் விட்டிருக்கிறேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பதுபோல நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ரயிலில் திரும்பும்போது கேட்க நினைத்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த வருடமும் அதேதான், அதற்கடுத்த வருடமும் அதேதான். குருக்கள் எங்களோடு நன்றாகப் பழகிவிட்டார். தம்பி வெளிநாட்டிலா, ஒரு தடவைகூடக் கண்ணில் காட்டவில்லையே என்று கேட்பார். ரொம்பத் தூரம் சாமி என்பாள் அம்மா. பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். என் பிறந்தநாளில் எனக்குப் பக்கத்திலேயே ஒரு காலி இடத்துக்கு விபூதி குங்குமம் கட்டித் தருகிறார்கள், அதை நான் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

இந்த வருடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். கோயிலுக்கு நான் மட்டும்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் சொல்லிவிடு என்று முதல்நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் முடியாது, என் பெயரை மட்டும்தான் சொல்வேன் என்றேன். அவனை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்றும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பைத்தியமா?" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரம், ஒரே ராசி, ஒரே லக்னம். ஒரே ஜாதகம். அதுல அவனுக்கு ஜனவரியில முடிஞ்சிருச்சு. அவன் இல்லன்னு சாமி முன்னால நானே சொன்னா, அந்தக் கட்டத்துல மிச்சம் இருக்கிறது நீ மட்டும்தான்."

பேசிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது என்று நாலு பேர் எதிரில் சத்தமாகச் சொல்கிறவள் நான். ஆனால் அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவன் இறந்த பிறகு நானே இரண்டு முறை இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் அவன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்கு நடந்தது எனக்குள்ளும் எங்கேயோ எழுதியிருக்கிறது என்ற பயம் அம்மாவுடையது மட்டுமல்ல. இத்தனை வருடமும் அம்மா அவனை எனக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தியிருக்கிறாள். செத்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இருக்கிற பிள்ளைக்கு மறைப்பாக நிறுத்தியிருக்கிறாள். அதை நினைத்ததும் கோபம் போய், அவன் மேல் தாங்க முடியாத பாவமாக இருந்தது.

பிறந்தநாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. கைப்பேசி அடிக்காது என்று தெரிந்தும் எடுத்துப் பார்த்தேன். அங்கே இன்னும் நேற்று, இன்னும் வெளிச்சம்.

கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. என்னைப் பார்த்ததும் குருக்கள் அம்மாவை விசாரித்தார். ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். தட்டை வாங்கிக்கொண்டு, கேட்காமலேயே, அஸ்தம், கன்னி என்றார். பிறகு பெயர்களுக்காக என் முகத்தைப் பார்த்தார். என் பெயரை மட்டும் சொன்னால் அவன் போய்விடுவான். இரண்டையும் சொன்னால் மறுபடி எனக்குக் காவல் நிற்பான். வாயைத் திறந்தேன்.

"இன்னைக்குத் தம்பிக்கு மட்டும் சாமி," என்றேன்.

உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவனைத் தம்பி என்று நான் அழைத்ததில்லை. உங்களுக்கு வேண்டாமா என்று குருக்கள் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் பெயர் மட்டும் தனியாகக் கருவறைக்குள் ஒலித்தது. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் என்னோடு பங்கு போட்டவனுக்கு, அன்றைக்குத்தான் முழுதாக ஒரு பிறந்தநாள் கிடைத்தது. ஆயுள் வேண்டும் என்று அவர் சொன்னபோது நானும் கூடவே வேண்டினேன், யாருக்கு என்று தெரியாமல். பயமாகத்தான் இருந்தது. தீபாராதனையில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ரெண்டு பேருக்கும் சொன்னியா என்பதுதான். சொன்னேன் என்றேன். அம்மா விபூதியை என் நெற்றியில் பூசினாள். மிச்சத்தை மடித்து, எப்போதும்போல அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை காலில் சுட்டது. நான் எழுந்துபோய்க் குழாயை மாட்டித் தண்ணீர் அடித்தேன். அந்த வாசனை வந்தது. அம்மா மூச்சை இழுத்துவிட்டாள். பாங்கு கேட்டதும் பிள்ளைகள் உள்ளே போனார்கள். சொன்ன நேரத்துக்கு இருட்டியது.

மறுநாள் ஐந்து மணிக்கும் விழிப்பு வந்தது. ஹாலில் விளக்கு எரிந்தது. அம்மா வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சோபாவில் தன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் இப்படித்தான் என்றாள். நான்கு வருடமாக இந்த நேரத்துக்கு அவளும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என் அறையிலும் அவள் ஹாலிலுமாக, ஆளுக்கொரு பக்கம் காத்திருந்திருக்கிறோம். காவலுக்கு மட்டும்தான் அவனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவன் பேரை மட்டும்தான் சொன்னேன்மா," என்றேன். "என் பேரைச் சொல்லல."

அம்மா திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

"உன் பொறந்தநாள் முடிஞ்சிருச்சு," என்றாள் கடைசியில். "அவனுக்கு இன்னும் பொழுது போயிருக்காது, இல்ல?"

"போயிருக்காதும்மா," என்றேன்.