ஒற்றைக் கைக்கு ஒரு மடக்குக்கத்தி

மலாய் நாட்டில் கிள்ளானை அடுத்த மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாகப் பிழியும் மெஷின் வீரம்மாளின் இடது கையை மணிக்கட்டுவரை எடுத்துக்கொண்டது. புண் ஆறி அவள் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பியபோது 1930 பிறந்திருந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசித்த பட்டியலில் அவள் பேரும் புருஷன் சின்னையா பேரும் இருந்தன.

"நான் ஏற மாட்டேன்" என்றாள், எல்லார் முன்னாலும்.

கங்காணி தம்புசாமி சிரித்தான். "ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு இங்க என்ன செய்யப் போற?"

"கைய எடுத்தது இந்த ஊரு. சோறும் இந்த ஊரே போடட்டும்."

சின்னையா இரண்டு நாள் கெஞ்சினான். மூன்றாம் நாள் கோபித்தான். நான்காம் நாள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனான். அவள் கூப்பிடவில்லை. அவன் தலை மறைந்த பிறகு அழுதாள். அழுது முடித்து, துணிகளை மூட்டை கட்டி, கிள்ளானுக்கு நடந்தாள்.

கிள்ளான் பாசாருக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த இராஜம்மா, கொல்லையில் படுக்க இடம் கொடுத்தாள். கடைக்கு வாழை இலை கொண்டுவரும் வேலையையும் கொடுத்தாள். சுற்றுப்புறத்துக் கம்பங்களில், அதாவது மலாய்க்காரர் கிராமங்களில், கேட்டு இலை அறுத்து, இலைக்கட்டைத் தலையில் வைத்து நடந்து வரவேண்டும். இடுப்பில் செருகிக்கொள்ளத் திறந்த கத்தி ஆகாது. அதனால் பாசாரில் பழைய சாமான் விற்கும் சீனக் கிழவரிடம் ஒரு மடக்குக்கத்தி வாங்கினாள். அலகில் துரு, கொம்புப் பிடியில் பிளவு, உள்ளே அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் வில் அவ்வளவு இறுக்கம். அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். வீரம்மாள் பல்லால் கடித்து இழுத்தாள்.

மூன்றாவது வாரம் முன்பல் ஒன்று உடைந்தது. கடையில் உட்கார்ந்திருந்த மாட்டுவண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க" என்றாள், வாயில் ரத்தத்தோடு. "இந்தக் கத்தியத்தான் எனக்குத் தக்கன மாத்தப் போறேன். பாத்துக்கிட்டே இருங்க."

அன்று மத்தியானமே தொடங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து, கத்தியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, மூணுமூலை அரத்தால் ஆணித்தலைகளை ராவினாள். அலகும் வில்லும் பித்தளைத் தகடுகளும் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல்தூளும் தேங்காய் நாரும் வைத்துத் துரு போகத் தேய்த்தாள்.

பாதம் சிவந்து தடித்திருப்பதை இராஜம்மா பார்த்தாள். "குடுடி, நான் புடிச்சிக்கிறேன்."

"வேணாங்க்கா. நாளைக்கு நீங்க பக்கத்துல இல்லாட்டி?"

வில்லின் முரட்டுத்தனம் குறைய அதை ராவி மெலிதாக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே ராவிவிட்டாள். மறுநாள், பூட்டிச் செருகிய கத்தி இடுப்பிலேயே திறந்துகொண்டு தொடையைக் கீறியது. காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி பிரித்தாள். அலகு சுழலும் ஆணியில் மெல்லிய செப்பு வளையம் போட்டு, சுத்தியலால் தட்டி இறுக்கினாள். ஒரு தட்டு கூடினால் அலகு நகரவில்லை, குறைந்தால் ஆடியது. எத்தனை தடவை பிரித்துப் பூட்டினாளோ, அவளுக்கே தெரியாது.

பழைய பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொய்யாக் கட்டையில் இரண்டு பட்டை செதுக்கினாள். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, தன் உள்ளங்கை நிறையும் அளவுக்கு உருட்டினாள். பித்தளைக் கம்பியை வெட்டி ஆணி அடித்தாள். பட்டைகளின் ஓரத்தில், உள்ளே தகட்டோடு சேர்த்து, மடங்கிய அலகு வெளியே தெரியும்படி அரைவட்டமாக ஒரு வாய் ராவினாள். அந்த வாய்க்குள் இரண்டு விரலால் அலகைக் கவ்விப் பிடியை இடுப்பில் அழுத்தினால் போதும், கத்தி 'டக்'கென்று திறந்தது. பிடிக்குத் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தாள்.

மறுநாள் வண்டிக்காரர்கள் நடுவில் போய் நின்று திறந்து காட்டினாள். மடக்கினாள். மறுபடியும் திறந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "எங்க வாங்குனீங்கக்கா?" என்று கேட்டான்.

"விக்கிறதில்ல லா" என்றாள்.

நாலு வருஷத்தில் கிள்ளானில் பாதிக் கடைகளுக்கு அவள் இலைதான். ரயிலில் பெரிய பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் இலைக்கட்டு போனது. அங்கே பவுனம்மாள் என்பவள் மகள் கல்யாணத்துக்கு முந்நூறு இலை சொல்லியிருந்தாள். வீரம்மாள் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து, இலையை மொண்டிக் கையால் அமுக்கிக்கொண்டு காம்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தாய்மாமன் ரெங்கசாமி பார்த்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்கு மூளிக் கை அறுத்த இலையா? வேற ஆளே கெடைக்கலியா?"

வீரம்மாள் கத்தியை இடுப்பில் அழுத்தி மடக்கினாள். "அப்ப தரையில போட்டுச் சாப்பிடுங்க." ஸ்டேஷனிலிருந்து கட்டுகளைக் கொண்டுவந்த மாட்டுவண்டியிலேயே திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு நடந்தாள்.

தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குக் காத்திருந்தார்கள். பவுனம்மாள் தெருவுக்கு ஓடி வந்து வண்டியை மறித்தாள். "மானம் போயிரும்மா. வந்துரு."

"சொன்னவரு வந்து கூப்பிடட்டும். மொதப் பந்தியில எனக்கும் ஒரு இலை போடணும்."

ரெங்கசாமி வருவதற்குள் வண்டிமாடு ஒரு வாய்ப் புல்லை மென்று முடித்திருந்தது. "வாங்க" என்றார், தரையைப் பார்த்து.

"எங்க?"

"பந்திக்கு."

மாப்பிள்ளையின் அத்தைமாருக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாயசம் கொண்டுவந்தவர் ரெங்கசாமிதான். அவரிடம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள்.