நாய் பாஷை தெரிந்தவராம் சென்னப்பா மாமா

சென்னப்பா மாமா இன்று காலை தளியில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்று மூன்று வயது.

என் வீட்டுக்காரரின் அண்ணன். காலையிலிருந்து குடும்ப குரூப்பிலும் இங்கே ஃபேஸ்புக்கிலும் ஒரே இரங்கல். அவருடைய பேரன் போட்ட போட்டோவில், மடியில் ஒரு நாய்க்குட்டியோடு சிரிக்கிறார். "வாயில்லா ஜீவன்களின் பாஷை தெரிந்தவர்" என்று கீழே எழுதியிருக்கிறான்.

படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். எண்பத்தைந்து வயதில் நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

ஐம்பதுகளின் கடைசி. கிருஷ்ணகிரியிலிருந்து பதினேழு வயதில் தளியில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். வீட்டில் எல்லோரும் கன்னடம். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. என் வீட்டுக்காரர் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரியில் போனால் வர நாலு நாள் ஆகும்.

மாமாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். கூலிக்காரர்களிடம் தமிழில்தான் திட்டுவார். என்னிடம் மட்டும் கன்னடம்.

ஒருநாள் தோட்டத்திலிருந்து "அக்க தகொண்டு பா" என்று கத்தினார். நான் ஓடிப்போய் அடுப்படியிலிருந்த அக்காவை, அவருடைய மனைவியை, கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். அவர் கொண்டுவரச் சொன்னது கயிறு. கன்னடத்தில் கயிற்றுக்கு 'ஹக்க'; அவர் பேச்சில் அது 'அக்க'.

வேலைக்காரர்கள் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லி...

அந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் கரியா. மாட்டுக் கொட்டகை நாய்.

மதியம் பாத்திரம் தேய்த்து முடித்ததும் அரைமணி நேரம் அவன் பக்கத்தில் பேசாமல் உட்காருவேன். அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் எல்லாமே தப்பு. வாலை ஆட்டுகிறானே, சந்தோஷம் என்று நினைத்துக் கையை நீட்டினேன்... பல்லைக் காட்டினான். வால் விறைப்பாக நின்று ஆடினால் "கிட்டே வராதே" என்று அர்த்தம். சும்மா சும்மா கொட்டாவி விட்டால் அது தூக்கமில்லை, பயம்.

இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றேன். எட்டு மாதம் ஆயிற்று. காதைப் பார்த்தே வரப்பில் வருவது யார் என்று சொல்வேன். காலில் முள் தைத்தால் நேராக வந்து நெற்றியை என் முழங்காலில் முட்டுவான். எடுத்துவிட்டால் போவான்.

மாமா ஒருநாள் பார்த்துவிட்டார். "தமிழச்சி நாய்க்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறாள்" என்று கன்னடத்தில் ஊர் முழுக்கச் சொன்னார்.

பிறகு அந்த நாள் வந்தது. கரியா வாயைத் திறந்தபடி நிற்கிறான். எச்சில் ஒழுகுகிறது. தண்ணீர் வைத்தால் குடிக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் அப்போதுதான் வெறிநாய் ஒன்று ஆளைக் கடித்திருந்தது. வீடே அலறியது.

மாமா கடப்பாரையோடு வந்தார். கரியா நேராக என்னிடம் வந்து நெற்றியை முழங்காலில் முட்டினான். முன்காலால் வாயைப் பிறாண்டினான்.

"வெறி இல்லீங்க மாமா. வாயில என்னமோ மாட்டிக்கிட்டிருக்குது. எடுத்துவுடச் சொல்றான்."

அன்றுதான் முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினார். "நாயி வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"சொல்லிச்சுங்க."

அந்த நேரத்திலும் சிரித்தார்கள். நான் கரியாவின் வாயில் கையை விடப் போனேன். மாமியார் முடியைப் பிடித்து இழுத்து, அறைக்குள் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அவருக்குப் பயம், அவரைக் குறை சொல்லமாட்டேன்.

உள்ளே நின்று எல்லாம் கேட்டேன். மூன்று அடி.

புதைக்கப் போன மாதையன் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்தார். பண்ணை வேலைக்காரர். கையில் விரல் நீளத்துக்கு ஒரு ஆட்டெலும்பு. "நீங்க சொன்னது நெசந்தாங்கம்மா. மேல்வாயில குறுக்கால மாட்டியிருந்திச்சு."

அன்று ராத்திரி மாமாவுக்குச் சோறு போட்டது நான்தான். களியும் குழம்பும் வைத்தேன். பக்கத்தில் அந்த எலும்பையும் வைத்தேன்.

பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

என் வீட்டுக்காரர் வந்து, "ஒரு நாயிக்காக அண்ணன்கிட்ட ஏன் வம்பு?" என்றார். அவரோடு நான் மூன்று மாதம் பேசவில்லை. நாலாவது மாதம் ஓசூரில் தனிக்குடித்தனம்.

அதற்கப்புறம்தான் மாமா வரிசையாக நாய் வளர்த்தாராம். "தினமும் அரைமணி நேரம் பேசாம அதுகூட உக்காரு, தானா புரியும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாராம். கமெண்டில் நாலு பேர் உருகியிருக்கிறார்கள். யாரைப் பார்த்துக் கற்றார் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் பர்கூரில் ஒரு கல்யாணம். வீல்சேரில் இருந்தவர் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். போனேன். கண் கலங்கியிருந்தது. "அம்மா... அன்னிக்கி அந்த நாயி..." என்று தமிழில் ஆரம்பித்தார்.

என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும்.

"பந்தி போட்டுட்டாங்க, சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவரைச் சொல்லவிடவில்லை. ராத்திரி யோசித்துப் பார்த்தேன்... வருத்தம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

இதை அழிக்கச் சொல்லி போன் வரும். அழிக்கமாட்டேன்.

வாசலில் மகன் காரை எடுத்து நிறுத்தியிருக்கிறான். "அம்மா, மூணு மணிக்கு எடுத்துடுவாங்களாம்" என்கிறான். நீ போய்விட்டு வா என்று சொல்லிவிட்டேன்.

போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாமா.

போங்கள்.