புகை வராத சிகரெட்

எங்கள் வீட்டுக் கூரையில் ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளை வட்டப் பெட்டி உண்டு. புகை பட்டால் அலறும். மிளகாய் தாளித்தால் போதும், என் மனைவி சுமதி கரண்டியைப் போட்டுவிட்டுத் துண்டோடு ஓடிவந்து அதன் கீழே நின்று விசிறுவாள். டெக்ஸாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக் ஊரில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாடக் கூத்து. ஆனால் 2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து மாலையொன்றில், அப்பா தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடித்தார். உள்ளே இருந்த பெட்டி முனகக்கூட இல்லை. 'நல்ல காரியம் செய்தேன்' என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அம்மா காலமானபின் அப்பா ஈரோட்டிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு மாரடைப்பு. சிகரெட்டை அறவே விடச் சொல்லியிருந்தார்கள் மருத்துவர்கள். அவர் நாளைக்கு மூன்றாகக் குறைத்திருந்தார். அந்த மூன்றுக்கும் டெக்ஸாஸ் வெயிலில், கார்கள் நிற்கும் இடத்துக்கு நடந்துபோவார். விழுந்துவிடுவாரோ என்று அவர் திரும்பும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நானும் புகைப்பவன். எங்கள் குடும்பத்தில் அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கல்லூரி நாளில் ஒருமுறை, டீக்கடை வாசலில் விரலிடுக்கில் சிகரெட்டோடு நான் நின்றபோது அப்பா எதிரே சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விட்டார். அவர் எனக்குக் கொடுத்த மரியாதை அது. நானும் அப்படியே இருந்தேன்.

அப்பா எங்களோடு இருந்த அந்தச் சமயத்தில்தான் அலுவலக வேலையாக டாலஸ் போனபோது புதுவகை சிகரெட் ஒன்றைக் கண்டேன். அதில் புகையிலை எரியாது. முனையிலுள்ள கரி மட்டும் கனன்று, அந்தச் சூடு புகையிலை வழியே போகும். சாம்பல் இல்லை, புகை மிகக் குறைவு. "இதயத்துக்கு நல்லதா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "உங்கள் வீட்டுத் திரைச்சீலைக்கு நல்லது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அப்பாவுக்குமாக நிறையப் பெட்டிகள் வாங்கினேன். அவர் தலையணைக்கு அருகே ஒரு பெட்டியை ஒரு சொல்லும் இல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். அவரும் கேட்கவில்லை. தீரத் தீர வைத்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, தோசை பாதியில் இருக்க, அப்பா நெஞ்சை நீவினார். நெற்றி முழுக்க வியர்வை.

"வாயுதான் கண்ணு. சோடா இருந்தாக் குடு, செரியாப் போயிரும்."

"மாமா, நீங்க பேசாதீங்க. ஏங்க, நைன் ஒன் ஒன் கால் பண்ணுங்க!" என்று சுமதி கத்தினாள். என் விரல்கள் அவசர உதவிக்கான அந்த மூன்று எண்களைச் சரியாக அழுத்த இரண்டு முறை முயன்றன.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் கேள்விகளை அடுக்கினார். "உங்கள் தந்தை புகைப்பாரா?" என்னைத்தான் கேட்டார். அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார். அவர் காதுபட அந்தச் சொல்லை நான் உச்சரித்ததே இல்லை. "இல்லை. இரண்டு வருடம் முன்பே விட்டுவிட்டார்" என்றேன். மருத்துவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா நகர்வதையே பார்த்தேன். தப்பான தகவலை வைத்து இவருக்கு வைத்தியம் நடக்கப்போகிறது.

கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்த அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும்.

"ஏண்டா பொய் சொல்றே? தலவாணிகிட்டக் கொண்டாந்து வெச்சது யாரு, பக்கத்தூட்டு வெள்ளக்காரனா?"

"அப்பா..."

"எடுத்துக் காட்டு. அது என்ன எழவுன்னு அவராச்சும் பாக்கட்டும்."

என் சட்டைப் பையிலிருந்து என் பெட்டியை எடுத்து நீட்டினேன். அப்பா அதைப் பார்த்தார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை?" மருத்துவர் கேட்டார்.

"டென்" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "இது ஒண்ணும் பண்ணாதுன்னுதானே நீ குடுத்தே?"

மருத்துவர் கோபப்படவில்லை, அதுவே என்னை மேலும் பயமுறுத்தியது. சூடாக்கினாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான், ரத்தக் குழாயை இறுக்கும், கரி முனையிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும் என்றார். மற்றபடி, நெடுநாள் பிடித்தால் என்ன செய்யும் என்று தமக்கே தெரியாது என்றார். பாதுகாப்பானது என்று யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த இரண்டாவது மாரடைப்புக்கு இந்தச் சிகரெட்தான் காரணமா என்று எவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. அப்பா பிழைத்தார். டிசம்பரில் விமானம் ஏறுமுன் என் தோளைத் தொட்டு, "நானும் உட்டர்றேன், நீயும் உட்டுரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இதை எழுதுவது 2001 ஏப்ரலில். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோம். அங்கே அவர் தனியாக இருக்கிறார். என்ன வாங்குகிறார், எத்தனை பிடிக்கிறார் என்று பார்க்க ஆளில்லை. மழை, சுமதி, மாத்திரை என்று பேசி முடித்ததும் யாரும் உடனே வைப்பதில்லை. நான் ரிசீவரைக் காதோடு அழுத்தி, ஈரோட்டில் ஒரு மூச்சு சற்று நீளமாக உள்ளே இழுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவரும் என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.